700 வரி விம்ஆர்சி

கேள்வி: பத்து வருஷமாக கோட் எழுத விம் எடிட்டர்தான். அதன் செட்டிங்ஸ் இருக்கும் விம்ஆர்சி ஃபைல் 700 வரியாகிவிட்டது, விம் திறக்கவே நேரமெடுக்கிறது. அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா?
– கோவை வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள். நானும் ஒருமுறை ஆத்திரத்தில் அழித்தேன். இரண்டு தடவை 'ஜே' தட்டினால் எஸ்கேப் கீ தட்டியதாக ஆகும்படி அதில் ஒரு வரி இருந்ததை மறந்தே போனேன். விரல் மறக்கவில்லை. அன்று எழுதிய கோட் முழுக்க ஜேஜே, ஜேஜே!

முதலில் ஃபைலை, பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் 'கிட்' மென்பொருளில் போட்டுவிடுங்கள். அப்புறம் விம்மை 'ஸ்டார்ட்டப்டைம்' ஆப்ஷனோடு திறந்தால், எந்த ஃபைலுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று எழுதிக் கொடுத்துவிடும். எனக்கு மாட்டியது, எப்போதோ விட்டுவிட்ட ரூபி என்ற புரோகிராமிங் மொழிக்கான பிளகின் (விம்மில் கூடுதலாகச் சேர்க்கும் வசதி). ஒரு ஷார்ட்கட் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லையா? 'வெர்போஸ் மேப்' போட்டுப் பாருங்கள், எந்த ஃபைல் என்று காட்டும்.

மிச்சத்தைப் பிரித்துவிடலாம். டாட் விம் ஃபோல்டருக்குள் 'பிளகின்' என்ற ஃபோல்டரில் போடும் விம் ஃபைல்கள் தானாகவே லோட் ஆகும். நான் ஷார்ட்கட்டுக்கு ஒன்று, தோற்றத்துக்கு ஒன்று வைத்திருக்கிறேன். பைத்தான் மொழிக்கு மட்டும் வரித் தொடக்கத்தில் நான்கு ஸ்பேஸ் வேண்டுமென்றால், அது அதே டாட் விம்மில் உள்ள 'ஆஃப்டர்' ஃபோல்டருக்குள் 'எஃப்டிபிளகின்' ஃபோல்டரில், பைத்தான் பெயரிட்ட ஃபைலுக்குப் போக வேண்டும். அங்கே 'செட்' போடாதீர்கள், 'செட்லோக்கல்' போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்துத் திறக்கும் ஃபைலுக்கும் அது ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு வரிக்கும் மேலே காரணத்தையும் எழுதி வையுங்கள். என்னுடையதில் ஒரு வரிக்கு மேல் 'இதைத் தொடாதே' என்று மட்டும் இருக்கிறது. எழுதியது நான்தான். ஏன் என்று தெரியாது. இன்னும் தொடவில்லை.