கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பாரிசில் இருக்கும் மகளிடம் ஆகஸ்டில் போகிறேன். பிரெஞ்சு ஷெங்கன் விசா கிடைத்துவிட்டது. அப்படியே ஸ்பெயினில் சந்தடியில்லாத ஒரு கிராமத்தில் நாலு நாள் தங்க ஆசை. நான் மச்சம் சாப்பிடுவதில்லை. சரிவருமா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. ஷெங்கன் என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா; விசாக் காலமும் அதில் தந்த தங்கும் நாட்களும் முடியாதவரை அதே விசா ஸ்பெயினுக்கும் செல்லும். ஆனால் ஆகஸ்ட் வேண்டாம். நகரங்களுக்குப் போன பிள்ளைகள் ஊர்த் திருவிழாவுக்குத் திரும்பும் மாதம் அது. விடிய விடியப் பாட்டும் வெடியும்தான். செப்டெம்பர் கடைசி நல்லது.

என் தெரிவு அரகோன் பகுதியிலுள்ள அல்பராசின். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் மலையூர். செம்மண் நிறச் சுவர்கள்; மேல்மாடிகள் ஒன்றையொன்று முட்டப் பார்க்கும் ஒழுங்கைகள். வார இறுதியில் உல்லாசப் பயணிகள் வருவார்கள், அதனால் திங்கள் முதல் வியாழன் வரை தங்குங்கள். ரயில் இல்லை, தெருவேல் நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பஸ் குறைவு, மருமகனைக் கார் ஓட்டச் சொல்லுங்கள்.

சாப்பாடுதான் சிக்கல். அவரைக் கறி, சூப் என்று நம்பிக் கரண்டியை விட்டால் அடியில் பன்றித் துண்டு கிடக்கும். கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்கவேண்டும். முட்டை சாப்பிடுவீர்களென்றால் உருளைக்கிழங்கு போட்டுத் தடிப்பாகப் பொரிக்கும் முட்டைப் பொரியல் எங்கும் உண்டு. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவு ஒன்பதுக்கு. பிற்பகலில் சில மணி நேரம் கடைகள் பூட்டு. பாணும் பழமும் காலையிலேயே வாங்கி வையுங்கள். சமையலறையுள்ள வாடகை வீடு எடுத்தால் இன்னும் நிம்மதி.

முழங்கால் எப்படி? எல்லாம் ஏற்றமும் கல்படியும். இரவில் குளிரும், கம்பளிச் சட்டை கட்டாயம்.