நகரங்களில் குறைந்த வாடகை வீடுகளுக்கு யாரெல்லாம் தகுதி பெற வேண்டும்?

வருமானத்தை மட்டும் பார்த்தால் போதுமா, எத்தனை வருடமாக அந்த ஊரில் இருக்கிறார் என்று பார்க்க வேண்டாமா, குடும்பஸ்தர்களுக்குத்தானே முதலிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிலாளர் உதவி மையம் ஒன்றில் ஆறு வருடம் இந்த விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இரவுக் காவலாளி ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். காவல் காக்கும் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில்தான் பகலில் தூங்குவார். படிவத்தில் 'தற்போதைய முகவரிக்கான சான்று' என்று ஒரு கட்டம் இருந்தது. மாடிப்படிக்கு யார் சான்று தருவார்கள்? அலுவலகத்தில் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "வீடு இல்லாததாலதானேம்மா வீடு கேக்கிறேன்" என்றார் என்னிடம். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

தகுதி வேறு, முன்னுரிமை வேறு. பெரும்பாலான விதிகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. வீடுகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்றதும் வரிசையை ஒழுங்குபடுத்தாமல் வாசலையே குறுக்கிவிடுகிறார்கள். நகரத்தில் வேலை செய்பவர் அல்லது வேலை தேடுபவர், சந்தை வாடகையைக் கொடுத்தால் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் கை கடிக்கும் என்ற நிலையில் இருப்பவர் எவரும் தகுதியானவர் என்பேன். யாருக்கு முதலில் சாவி தருவது என்பதை அடுத்த கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

குடியிருப்புக் காலம் என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவின் நகராட்சியிடம் சுமார் 2,20,000 வாடகை வீடுகள் இருக்கின்றன. நடுத்தர வருமானக்காரர்களும் உள்ளே வரும் அளவுக்கு அங்கே வருமான வரம்பு உயரமானது. நான் பெரிதும் மதிக்கும் ஏற்பாடு அது. ஆனால் அங்கேகூட விண்ணப்பிப்பவர் இரண்டு ஆண்டுகள் அதே நகரத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வந்து இறங்கிய முதல் இரண்டு ஆண்டுகள்தான் ஒருவருக்கு மிகக் கடினமான காலம். அட்வான்ஸ் கொடுக்கப் பணம் இருக்காது, ஜாமீன் சொல்ல ஆள் இருக்காது. இந்தியாவில் 2020 ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்பியதை நாடே பார்த்தது. அதன் பிறகு அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஆலைத் தொழிலாளி, தெருவோர வியாபாரி, ரிக்ஷா ஓட்டுபவர், மாணவர் என்று வெளியூரிலிருந்து வருபவர்களையே பயனாளிகளாக எழுதியது. எத்தனை வீடு கட்டினார்கள் என்பது தனி விவாதம். யாருக்காக என்ற அந்தப் பட்டியல் சரியானது.

அடுத்தது தனி ஆட்கள். குடும்பம் இருந்தால்தான் வீடு என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. பிரிட்டனின் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் வீடற்றவர்களுக்கு இடம் தரும் கடமையை உள்ளாட்சிகளின் மேல் வைத்தது. ஆனால் குழந்தைகள் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள் போன்றவர்களுக்குத்தான் அந்தக் கடமை. உடம்பு நன்றாக இருக்கும் தனி ஆள் அதற்கு வெளியே நின்றார். ஸ்காட்லாந்து இந்தப் பாகுபாட்டை 2012 இறுதியில் எடுத்துவிட்டது. வேண்டுமென்றே இல்லாமல் வீடிழந்த எவருக்கும் நிரந்தர இடம் கேட்கும் உரிமை உண்டு என்றது. அதைத்தான் நானும் சொல்வேன். கணவனை விட்டு வந்த பெண், மனைவியை இழந்த முதியவர், இருபது வயதில் தனியாக வேலைக்கு வந்த பையன் எல்லோரும் படிவத்தில் 'தனி நபர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து அவர்களை எப்படி ஒதுக்க முடியும்?

ஊரில் சொந்தமாக ஓட்டு வீடு இருக்கிறதே என்றும் சிலரை மறுக்கிறார்கள். சொந்த வீடு கட்டித் தரும் திட்டத்துக்கு அது நியாயமான நிபந்தனை. வாடகை வீட்டுக்குப் பொருந்தாது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டிலிருந்து தினம் காலை ஷிப்டுக்கு யாரும் வர முடியாது. அதே நகரத்தில் வீடு வைத்து வாடகைக்கு விட்டிருப்பவரைத் தாராளமாக மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

வருமான வரம்பு தேவை. ஆனால் அதை எப்படி அளக்கிறோம் என்பதில்தான் அநியாயம் நுழைகிறது. ஒரே சம்பளத்தில் ஒருவர் மட்டும் வாழ்வதும் ஐந்து பேர் வாழ்வதும் ஒன்றல்ல, தலைக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தினக்கூலிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மழைக்காலத்தில் பாதி நாள் வேலையே இருக்காது. நல்ல மாதத்துச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, வரம்பைத் தாண்டிவிட்டார் என்று எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முழு ஆண்டின் சராசரி வேண்டும். கையெழுத்திட்ட சுய அறிவிப்பை ஏற்று, பிறகு சரிபார்க்கலாம்.

வரம்பைத் தாண்டியவுடன் வெளியேற்றுவது பெரும் கொடுமை. மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் மேற்பார்வையாளர் பதவி வேண்டாம் என்று மறுத்தார். சம்பளம் ஏறினால் வீடு போய்விடும் என்ற பயம். பிள்ளைகளின் பள்ளி அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. முன்னேறினால் தண்டனை என்று ஒரு விதி சொல்லக் கூடாது. வியன்னாவில் வருமானத்தை நுழையும்போது மட்டும் பார்க்கிறார்கள். ஹாங்காங்கில் 1987 முதல் வேறு வழி. பல ஆண்டுகள் குடியிருந்தவர்கள் வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும், வரம்பைத் தாண்டினால் கூடுதல் வாடகை கட்ட வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது வழி பிடித்திருக்கிறது, வாடகையைப் படிப்படியாக மெதுவாக ஏற்றினால். வீடும் போகாது, கூடுதல் வாடகை பராமரிப்புக்கும் உதவும்.

"அப்படியானால் பரம ஏழைக்கு எதுவும் மிஞ்சாதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். மிக ஏழைகளை மட்டும் ஒரே கட்டடத்தில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியது. 1969-இல், அரசு ஏழைகளுக்கு வாடகைக்கு விடும் பொதுக் குடியிருப்புகளில் வாடகை வருமானத்தின் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தது (பின்னர் அது 30 சதவீதமானது). குடியிருப்பவர்களைக் காக்கும் நல்ல சட்டம்தான். ஆனால் குறைந்துபோன வாடகைக்கு ஈடாக அரசு போதிய பணம் தரவில்லை. லிப்ட் பழுதாகி நின்றது, குழாய் ஒழுகியது, முடிந்தவர்கள் வெளியேறினார்கள். பல வருமானத்தினரும் கலந்திருந்தால் வாடகை வரவு நிற்கும், கட்டடத்துக்காகக் குரல் கொடுக்கவும் ஆள் இருக்கும். அதோடு காலியாகும் வீடுகளில் ஒரு பங்கை மிகக் குறைந்த வருமானத்தினருக்கு என்று விதியிலேயே ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவில் 1998 முதல் பொதுக் குடியிருப்பில் புதிதாகச் சேர்பவர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் அத்தகையவர்களாக இருக்க வேண்டும்.

அந்தப் பங்குக்குள் முன்னுரிமையை இப்படி வைப்பேன். தெருவிலோ வேலையிடத்திலோ தூங்குபவர்கள், வீட்டில் அடி உதைக்குத் தப்பி வந்தவர்கள், படி ஏற முடியாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும், வருமானத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே கொடுப்பவர்கள். இவர்களுக்குள் காத்திருந்த காலம். வரிசை எண்ணை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தரகர் வந்துவிடுவார்.

அந்தக் காவலாளிக்கு, அவர் வேலை செய்யும் கட்டடத்தின் சங்கத்திடமிருந்து 'இவர் இங்கேதான் தங்குகிறார்' என்று ஒரு கடிதம் வாங்கினோம். மூன்றாவது முறை போனபோது அதை முகவரிச் சான்றாக ஏற்றுக்கொண்டு வரிசை எண் கொடுத்தார்கள். நான் அந்த வேலையை விட்டு வரும்போதும் அவர் காத்துக்கொண்டுதான் இருந்தார்.