இணையவழி முனைவர் பட்டப் படிப்பில் வருகைப்பதிவு கட்டாயமா? காணொலிப் பதிவைப் பார்த்துக்கொண்டால் போதாதா?

வேலையில் இருந்துகொண்டே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி முனைவர் பட்டப் படிப்பில் சேர எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வகுப்பின் காணொலிப் பதிவைப் பிறகு பார்த்துக்கொண்டால் போதாதா என்றும், ஆய்வு செய்ய வந்திருக்கும் பெரியவர்களிடம் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுப்பதைப் போல வருகை எடுப்பது எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு முறையியலை இணையவழியில் கற்பித்து வருகிறேன். பருவத் தொடக்கத்தில் மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்விகள் இவை என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வருகைக் கட்டாயம் உண்டு. பெரும்பாலான இடங்களில் கண்டிப்பாகவே உண்டு. ஆனால் அங்கே வருகை என்று எண்ணப்படுவது நீங்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் அன்று. பாடத்துக்குள் நீங்கள் செய்து காட்டிய கல்விச் செயல். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், விதிமுறைகளில் குழப்பமாகத் தோன்றும் பலவும் விளங்கிவிடும்.

அமெரிக்காவில் இந்த விதிகளின் வேர் கூட்டரசின் மாணவர் நிதியுதவிச் சட்டத்தில் இருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதிமுறை, கல்விப் பங்கேற்பு என்றால் என்ன என்பதைத் தெளிவாகவே வரையறுக்கிறது. ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ள வாய்ப்புள்ள நேரலை வகுப்பில் கலந்துகொள்வது, பணிக்கட்டுரையைச் சமர்ப்பிப்பது, தேர்வு எழுதுவது, நிறுவனம் ஏற்பாடு செய்த குழு வேலையிலோ இணைய விவாதத்திலோ பங்கெடுப்பது, பாடத்தைப் பற்றி ஆசிரியருடன் உரையாடுவது ஆகியவை அதில் அடங்கும். பாடத்தளத்தில் உள்நுழைந்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் இருப்பது பங்கேற்பு ஆகாது என்று அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. அடுத்த பருவத்தில் எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று கல்வி ஆலோசகரோடு நடத்தும் உரையாடலும் அந்தக் கணக்கில் சேராது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கேன்வாஸ் போன்ற பாடத்தளத்தில் ஒரு மாணவர் எத்தனை பக்கங்களைத் திறந்தார் என்பதும், எத்தனை முறை பங்கேற்றார் என்பதும் ஆசிரியருக்குத் தனித்தனியாகத் தெரியும். ஒரு மாணவர் நாள்தோறும் இரவில் வந்து எல்லாக் கட்டுரைகளையும் திறந்து படிக்கிறார். மற்றவர்கள் எழுதிய விவாதங்களை ஒன்று விடாமல் வாசிக்கிறார். ஆனால் தானாக ஒரு வரியும் எழுதுவதில்லை. அவருடைய பெயருக்கு எதிரே பக்கப் பார்வைகள் நூற்றுக்கணக்கில் இருக்க, பங்கேற்பு சுழியமாக நிற்கும். இன்னொருவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வருகிறார். புதன்கிழமை அன்று, கொடுக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரையில் ஆய்வுக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுத்த முறை எங்கே பலவீனமாக இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதுகிறார். சனிக்கிழமை இரண்டு சக மாணவர்களுக்கு மறுமொழி தருகிறார். இடையில், தன் நேர்காணல்களுக்கு எத்தனை பேரைத் தேர்ந்தெடுப்பது சரியாக இருக்கும் என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார். பதிவேட்டின்படி இரண்டாமவர் வந்தவர், முதலாமவர் வராதவர். படிப்பில் மெய்யான ஆர்வம் உள்ள அந்த முதல் மாணவரை நினைத்தால் வருத்தமாக இருக்கும். ஆனால் அவர் என்ன புரிந்துகொண்டார், எங்கே தடுமாறுகிறார் என்பதை அறிய எனக்கு வேறு வழியில்லை என்பதும் உண்மை.

முதல் வாரத்தில் இது மிகவும் முக்கியம். மாணவர் பாடத்தை உண்மையில் தொடங்கினாரா என்பதை உறுதி செய்யும் கடமை நிறுவனத்துக்கு இருப்பதால், முதல் வாரத்துக்குள் எந்தச் செயலும் பதிவாகாத மாணவரின் பெயரைப் பல பல்கலைக்கழகங்கள் பாடத்திலிருந்து நீக்கிவிடுகின்றன. முதல் வாரத்தில் வைக்கப்படும் அறிமுகப் பதிவையும் பாடத்திட்டம் பற்றிய சிறு வினாத்தாளையும் சடங்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள்; உங்கள் இடத்தை அவைதாம் உறுதி செய்கின்றன.

இவ்வளவு கறார் ஏன் என்று கேட்டால், பணம் ஒரு காரணம். அரசு நிதியுதவி பெறும் ஒருவர் பருவத்தின் 60 விழுக்காட்டைக் கடக்கும் முன்பே நின்றுவிட்டால், அவர் படித்த காலத்தின் விகிதத்துக்கு ஏற்ற தொகை மட்டுமே அவருக்கு உரியது. மீதியைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் காலத்தைக் கணக்கிட, கடைசியாக அவர் எப்போது பங்கேற்றார் என்ற தேதி தேவைப்படும். வெளிநாட்டிலிருந்து சொந்தப் பணத்தில் படிப்பவருக்கு இந்த நிதியுதவி கிடையாது. ஆயினும் வருகை விதி வகுப்பு முழுமைக்கும் பொதுவாகத்தான் எழுதப்படுகிறது.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கான விடையும் அதில்தான் உள்ளது. காணொலிப் பதிவு போதும் என்பது சில பாடங்களுக்குச் சரி. பின்னடைவுப் பகுப்பாய்வு (ரெக்ரஷன்) என்ற புள்ளியியல் முறையை ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்குகிறார் என்றால், அதைப் பதிவில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நேரலையில் கேட்பதைவிடப் பல வேளைகளில் நல்லது என்பதே என் கருத்து. அத்தகைய விரிவுரைக்கு வருகையைக் கட்டாயமாக்குவதை நான் ஆதரிப்பதில்லை. தொடர்ந்து வரும் பயிற்சிக் கணக்கைச் செய்து அனுப்பினால் அதையே வருகையாகக் கொள்ளலாம். ஆனால் முனைவர் பட்டத்தில் முதன்மையான வகுப்பு விரிவுரை அன்று, கருத்தரங்கம். அங்கே எட்டு அல்லது பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவர் தன் ஆய்வு முன்மொழிவை முன்வைப்பார். தலைமை ஆசிரியரின் நிர்வாகப் பாணி ஆசிரியர்களின் பணி நிறைவை உயர்த்துகிறது என்று நிறுவப் போகிறேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒருவர், பணி நிறைவோடு இருக்கும் ஆசிரியர்கள் தங்கள் தலைமை ஆசிரியரை நல்லவர் என்று மதிப்பிடும் வாய்ப்பு இருக்கிறதே, காரணம் எது விளைவு எது என்று எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்பார். இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே வினாநிரலில் கேட்கிறீர்களே என்று இன்னொருவர் சேர்ப்பார். முன்வைத்தவர் சற்றுத் திகைத்து, யோசித்து, தன் கேள்வியையே மாற்றிச் சொல்லிப் பார்ப்பார். முனைவர் பட்டம் என்பது அந்தச் சில நிமிடங்களில் நடப்பதுதான். இதைப் பதிவில் பார்க்கிறவர், பிறர் திருந்துவதைப் பார்க்கிறாரே ஒழிய, தன்னிடம் யாரும் கேள்வி கேட்க இடம் தருவதில்லை. மேலும், அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அந்தச் சக மாணவருக்குக் கிடைக்காமல் போகிறது. எட்டுப் பேர் கொண்ட வகுப்பில் மூன்று பேர் வராவிட்டால் கருத்தரங்கமே வலுவிழந்துவிடும். வருகை என்பது உங்கள் சொந்த லாப நட்டம் மட்டும் அன்று என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பெரியவர்களுக்கு வருகைப்பதிவு எதற்கு என்ற கேள்விக்கும் இதுவே என் பதில்: உங்களைக் கண்காணிப்பதற்காக இல்லை, வகுப்புக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள் என்பதற்காக.

இதே கடமை ஆசிரியருக்கும் உண்டு என்பதைச் சேரப்போகிறவர்கள் பலர் அறிவதில்லை. இணையவழிப் படிப்பு என்று ஏற்கப்பட வேண்டுமானால் ஆசிரியர் மாணவருடன் சீராகவும் பொருளுள்ள முறையிலும் ஊடாட வேண்டும் என்று அதே அமெரிக்க விதிமுறை சொல்கிறது. நேரடியாகக் கற்பிப்பது, மாணவரின் எழுத்தை மதிப்பிட்டுக் கருத்துரைப்பது, பாடம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தருவது, குழு விவாதத்தை நடத்திச் செல்வது போன்றவற்றில் குறைந்தது இரண்டு நடக்க வேண்டும். மாணவர் பின்தங்குகிறாரா என்று கவனித்து ஆசிரியரே முன்வந்து பேசவும் வேண்டும். இவை இல்லாத படிப்பு அஞ்சல்வழிப் படிப்பு என்ற வகைக்குப் போய்விடும். ஆகவே, மாணவரிடம் வருகையைக் கேட்கும் நிறுவனம் வாரக்கணக்கில் உங்கள் கட்டுரைக்கு ஒரு வரிக் கருத்தும் தராமல் இருந்தால், அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

நேரத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிரெடிட் என்பது, அமெரிக்கக் கணக்கில், ஏறத்தாழ 15 வாரங்களுக்கு வாரம் ஒரு மணி நேரக் கற்பித்தலும் குறைந்தது இரண்டு மணி நேரச் சொந்த உழைப்பும் ஆகும். 3 கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்கு 9 மணி நேரம். வேலை செய்பவர்களுக்கு வசதி என்று சொல்லி அதே பாடத்தை 8 வாரங்களில் முடிக்கும் திட்டங்கள் நிறைய உள்ளன. அவற்றில் அதே உழைப்பு வாரத்துக்கு ஏறத்தாழ 17 மணி நேரமாக அடர்ந்துவிடும். அங்கே ஒரு வாரம் வராமல் போவது பாடத்தில் எட்டில் ஒரு பங்கை இழப்பதாகும். இரண்டு வாரம் தொடர்ந்து செயல் இல்லாவிட்டால் பாடத்திலிருந்து நீக்கும் விதியையும் சில இடங்களில் காணலாம். வேலை நெருக்கடி எந்த மாதத்தில் உச்சத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதத்தில் 8 வாரப் பாடம் ஒன்றை எடுக்காதீர்கள்.

வேறு நாட்டிலிருந்து படிப்பவர்கள் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். கட்டுரைக்கான கெடு ஞாயிறு இரவு 11.59 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் நேரம். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்தி, நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். உங்கள் நாட்டில் அந்த வழக்கம் இல்லையென்றால், பருவத்தின் நடுவில் நேரலை வகுப்பு உங்கள் கடிகாரப்படி மார்ச் மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகவும், நவம்பர் மாதத்தில் ஒரு மணி நேரம் பின்னதாகவும் மாறிவிடும். வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்து நிற்கும் மாணவர்களை மார்ச் மாதத்தின் அந்த வாரத்தில் பார்த்திருக்கிறேன்.

நான் ஏற்காத நடைமுறைகளும் இருக்கின்றன. ஜூம் அறிக்கை ஒவ்வொருவரும் எப்போது வந்தார், எப்போது வெளியேறினார், மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தார் என்பதைத் தந்துவிடும். அந்த நிமிடக் கணக்கை மட்டுமே வைத்து மதிப்பெண் குறைப்பது தவறு. இணைப்பு அறுந்து அறுந்து வந்தவரும், கேமராவை அணைத்துவிட்டுக் கூர்மையான கேள்வி கேட்டவரும் அதில் குறைந்துபோவார்கள். ஒன்றும் பேசாமல் முழு நேரமும் திறந்து வைத்திருந்தவர் நிறைந்து தெரிவார். கேமராவைக் கட்டாயமாக்குவதும் வீட்டின் நிலையை எல்லோருக்கும் காட்டச் சொல்வதற்குச் சமம். உங்கள் இணைப்பு பலவீனமானது என்றால் முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் சொல்லி, குரலில் மட்டும் கலந்துகொள்ளவோ அரட்டைப் பெட்டியில் எழுதவோ ஒப்புதல் வாங்கிவிடுங்கள். உடல்நலக் குறைவு, குறைபாடு, மகப்பேறு போன்றவற்றுக்கு முறையான விலக்குகள் உண்டு. ஆனால் அவை தாமாக வந்து சேர்வதில்லை, மாணவர் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

முழுவதும் இணையவழி என்று விளம்பரப்படுத்தப்படும் சில படிப்புகளிலும் சில நாள்கள் வளாகத்துக்கு நேரில் வர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். விடுப்பு, பயணச் செலவு, விசா ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருப்பதால் கட்டணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

இனி, வருகை விதி எதுவுமே இல்லாத கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கவலையெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. பாடங்கள் முடிந்து ஆய்வேடு எழுதத் தொடங்கியதும் வகுப்பு கிடையாது, வாராந்திரக் கெடு கிடையாது, விவாதத்தில் எழுதவில்லையே என்று நினைவூட்டுபவர் கிடையாது. பருவந்தோறும் பதிவைப் புதுப்பித்துக் கட்டணம் செலுத்தினால் போதும். நீங்கள் மாணவராகவே இருப்பீர்கள். பாடங்களை ஒழுங்காக முடித்த திறமையானவர்கள் ஓசையில்லாமல் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். நேரில் படிப்பவருக்காவது நெறியாளரைத் தாழ்வாரத்தில் சந்திக்கும் வாய்ப்பு உண்டு. இணையவழியில் படிப்பவருக்கு அதுவும் இல்லை. எனவே, இந்தக் கட்டத்துக்கு வருகை விதியை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குறித்த கிழமையில், குறித்த நேரத்தில் நெறியாளருடன் அரை மணி நேரம் பேசுவது என்று பருவத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் ஏற்றிவிட வேண்டும். எழுத ஒன்றும் இல்லாத வாரத்திலும் அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்றும் எழுத முடியவில்லை என்பதே அந்த வாரம் பேச வேண்டிய செய்தி. சந்திப்பு முடிந்ததும், என்ன முடிவானது, அடுத்து எதை எப்போது தருவேன் என்று அரைப் பக்கம் எழுதி நெறியாளருக்கு அனுப்பிவிடுங்கள். நெறியாளர் மாறினாலும், முன்னேற்ற அறிக்கை கேட்டாலும், கருத்து வேறுபாடு எழுந்தாலும் அந்தக் குறிப்புகள் உங்களுக்குக் கைகொடுக்கும்.

சேரும் முன், சேர்க்கை அலுவலகத்தின் விளக்கக் கையேட்டோடு நின்றுவிடாமல், நடப்புப் பருவத்தின் கருத்தரங்கப் பாடம் ஒன்றின் பாடத்திட்டக் குறிப்பை அனுப்பும்படி கேளுங்கள். நேரலை எந்த நேரத்தில், எத்தனை முறை வராமல் இருக்கலாம், பதிவைப் பார்த்து ஈடுசெய்ய இடமுண்டா, விவாதத்தில் எழுத வேண்டிய நாள் எது, ஆசிரியர் எத்தனை நாளுக்குள் கருத்துரை தருவார் என்பதெல்லாம் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். ஆய்வேட்டுக் கட்டத்தில் நெறியாளரை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார்கள் என்பதை மட்டும் அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது எந்தக் குறிப்பிலும் இருக்காது.