நகை டிரெண்ட் கணிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்: திருச்சி அப்பா ஒருவருக்கு எழுதிய பதில்

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள், கல் நகையில் அடுத்து என்ன டிசைன் வரும் என்று கணிக்கிற வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். நீங்களோ இருபது வருடம் திருச்சியில் செயற்கை வைரம் பட்டை தீட்டியவர். மெஷினில் வெட்டிய கல் வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்து இறங்கியதும் ஆர்டர் குறைந்தது, பிறகு பட்டறையே மூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். "கல்லை நம்பி நான் பட்டது போதாதா, அவளும் படவேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்க வையுங்கள். ஆனால் 'டிரெண்ட் ஃபோர்காஸ்டிங்' என்ற பெயரைப் பார்த்து எந்தப் படிப்பிலும் சேர்த்துவிடாதீர்கள். முதலில் அவள் டிசைன் படிக்கட்டும், கல்லைப் படிக்கட்டும், அப்புறம் ஒரு கடையிலோ தொழிற்சாலையிலோ சில வருடம் நிற்கட்டும். கணிக்கிற வேலை அதற்குப் பிறகுதான் வரும். நேராக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்த புதுப்பட்டதாரியை நான் பார்த்ததில்லை.

இது என்ன வேலை என்று உங்களுக்குப் புரிவது சுலபம், ஏனென்றால் கல் கைக்கு வர எவ்வளவு நாளாகும் என்பது உங்களுக்கே தெரியும். அட்சய திருதியைக்கு ஒரு நிறுவனம் கல் நெக்லஸ் வரிசை ஒன்றைக் கடையில் வைக்க வேண்டுமென்றால், கல் வாங்கும் முடிவைப் பல மாதம் முன்பே எடுத்தாக வேண்டும். ரஃப் என்கிற வெட்டாத கல்லை வாங்கி, வெட்டி, ஒரே அளவிலும் ஒரே நிறத்திலும் சேர்த்து எடுப்பதற்குள் காலம் ஓடிவிடும். நிறம் தப்பிப்போனால் போட்ட பணம் லாக்கரிலேயே கிடக்கும். ஆகவே, எந்த நிறம், எந்த அளவு, எந்த விலைக்குள் என்று காரணத்தோடு முன்கூட்டிச் சொல்ல ஒருவர் தேவை. அந்த ஒருவராகத்தான் உங்கள் மகள் ஆக நினைக்கிறாள்.

துணியில் இதைச் செய்வதற்கும் கல்லில் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நிறங்களுக்கு அளவுகோல் வகுக்கும் பேன்டோன் நிறுவனம் வருடா வருடம் ஒரு நிறத்தை அறிவிக்கிறது. 2013-க்கு மரகதப் பச்சை, 2024-க்கு 'பீச் ஃபஸ்' என்ற இளம் பீச் நிறம். துணிக்காரருக்கு அந்தச் செய்தி போதும், சாயப்பட்டறைக்குச் சொன்னால் நிறம் வந்துவிடும். கல்லுக்குப் பெரும்பாலும் மண் கொடுத்த நிறம்தான். பீச் நிறம் வேண்டுமென்றால் மோர்கனைட் இருக்கிறது, பீச் சாயல் உள்ள சந்திரகாந்தக் கல் இருக்கிறது, நீலக்கல்லின் இனமான சஃபையரிலேயே அந்த நிறம் இருக்கிறது. இலங்கையில் கிடைக்கும், இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பத்பராட்ஷா என்ற சஃபையர் இருக்கிறது, ஆனால் அதன் விலை எட்டாது. சந்திரகாந்தக் கல்லைத் தினமும் போடும் மோதிரத்தில் வைத்தால் கீறல் விழும், கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் அது 6-ஐ ஒட்டியதுதான். சஃபையருக்கு 9. ஆகவே, "இந்த வருடம் பீச் நிறம்" என்பதோடு கணிப்பு முடிந்துவிடாது. காதில் தொங்கும் நகைக்கு இந்தக் கல், மோதிரத்துக்கு அந்தக் கல், இந்த விலைக்கு இத்தனை மில்லிமீட்டர் என்பதுவரை போக வேண்டும். ரத்தினவியல் தெரியாதவர் இங்கேயே நின்றுவிடுவார். கல்லைப் படிக்கட்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கல்லின் மவுசு எங்கிருந்தெல்லாம் கிளம்புகிறது என்று பாருங்கள். 1981-ல் டயானாவின் நிச்சயதார்த்த மோதிரத்தில் 12 காரட் இலங்கை நீலம் இருந்தது. 2010-ல் அதே மோதிரம் அவர் மகன் வில்லியம் மணக்கவிருந்த கேட் மிடில்டன் கைக்கு வந்ததும் நீலக்கல் மோதிரம் மேலைநாட்டுக் கடைகளில் மறுபடி ஒரு சுற்று வந்தது. 2018-ல் பிரிட்டிஷ் இளவரசி யூஜெனியின் நிச்சயதார்த்த மோதிரத்தில் பத்பராட்ஷா இருந்ததால், அதுவரை வியாபாரிகள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த அந்தப் பெயர் வாங்குகிறவர்கள் வாயிலும் வந்தது. இதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும் விஷயம். கண்ணில் படாதது சுரங்கம். மொசாம்பிக்கில் மான்டெபுயெஸ் என்ற இடத்தில் 2009-ல் மாணிக்கப் படிவம் கண்டுபிடித்தார்கள். பர்மா மாணிக்கத்தைத் தேடி அலைந்த வியாபாரத்துக்கு, தொடர்ந்து கிடைக்கிற புதிய வழி ஒன்று திறந்தது. ஒரே நிறத்தில் நிறையக் கல் சேரும்போதுதான் ஒரு கம்பெனி துணிந்து பத்து டிசைன் போட முடியும். இளவரசியின் மோதிரத்தைப் பார்க்கிறவர் பல பேர். சுரங்க ஏலத்தைப் பார்க்கிறவர் சில பேர். இரண்டையும் பார்க்கிறவருக்கே இந்த வேலையில் மரியாதை.

சரி, வெளிநாட்டு அறிக்கை ஒன்று "நீலம் வருகிறது" என்று சொல்கிறது. அதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? உங்களுக்கே தெரியும். நம் வீடுகளில் நீலம் என்றால் சனியின் கல். ஜாதகம் பார்க்காமல் தொடமாட்டார்கள். தலையணைக்கு அடியில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள், கெட்ட கனவு வந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். லண்டனில் உட்கார்ந்து எழுதுகிற எவருக்கும் இது தெரியாது, உங்கள் மகளுக்குத் தெரியும். கல்யாணத்துக்குச் சிவப்பும் பச்சையும் ஏன் விலகவே மாட்டேன் என்கின்றன, ஏழு கல் தோடு ஏன் பாட்டி காலத்து அமைப்பிலேயே இன்னும் விற்கிறது என்பதெல்லாம் இந்த வேலைக்கு வேண்டிய அறிவு. எது மாறாது என்று தெரிந்தவரால்தான் எது மாறும் என்று சொல்ல முடியும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவி ஒருத்தி இப்போது கோவையில் ஒரு நகைத் தொழில் நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது கடைக்கு எந்தச் சரக்கு எவ்வளவு வேண்டும் என்று திட்டமிடுகிறவளாக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, மேஜை மேல் ஒரு நீள நோட்டு கிடந்தது. விற்ற கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது, இந்த நோட்டு விற்காததற்கு. வாடிக்கையாளர் கேட்டு, கவுண்டரில் "இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொன்றையும் கிளைக்காரர்கள் எழுதி அனுப்புகிறார்கள். ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "பச்சை மணி மாலை, தங்கம் குறைவாக." அடுத்த வரி, "பச்சை மணி, இரண்டு சரம், பதக்கம் வேண்டாம்." நாலு வரி தள்ளி மறுபடி பச்சை மணி, வேறு ஊர்க் கிளையிலிருந்து. பென்சிலால் மூன்றையும் வட்டம் போட்டிருந்தாள். "விற்றதைப் பார்த்தால் போன வருஷம் தெரியும் சார், இல்லைன்னு சொன்னதைப் பார்த்தால்தான் வர்ற வருஷம் தெரியும்" என்றாள். ஜெய்ப்பூருக்கு எவ்வளவு மணி ஆர்டர் போடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் இப்போது அவளுக்கும் ஒரு நாற்காலி உண்டு. அவள் பதவிப் பெயரில் 'கணிப்பு' என்ற சொல்லே கிடையாது. நம் ஊரில் இந்த வேலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: டிசைனர், மெர்ச்சண்டைசர், கொள்முதல் பார்ப்பவர், தயாரிப்பு மேலாளர் என்ற பெயர்களுக்குள்.

அதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிற நிறுவனங்களும் உலகில் இருக்கின்றன. லண்டனில் 1998-ல் தொடங்கிய டபிள்யூஜிஎஸ்என், இத்தாலியின் விசென்சா நகைக் கண்காட்சியை ஒட்டி வளர்ந்த டிரெண்ட்விஷன் போன்றவை. நம் நாட்டில் மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் நடத்தும் விஷன்நெக்ஸ்ட் இருக்கிறது. இந்தியப் புகைப்படங்களைச் செயற்கை நுண்ணறிவால் அலசி ஃபேஷன் கணிப்பு சொல்கிறார்கள், அதன் ஒரு பிரிவு சென்னையிலேயே இயங்குகிறது. இந்த வேலையைக் கம்ப்யூட்டர் பிடுங்கிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். லட்சம் படத்தைப் பார்த்து "வெளிர் நிறக் கல் கூடுகிறது" என்று அது சொல்லிவிடும். எந்தக் கல், எந்தச் சுரங்கம், நீலத்துக்கு ஏன் பயம் என்று சொல்ல ஆள் வேண்டும். படத்தை மட்டும் பார்த்து அறிக்கை எழுதுகிற ஆளுக்குத்தான் ஆபத்து.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்கள் பட்டறைக்கு நடந்தது போன்ற ஒன்று இப்போது வைர உலகத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரத்தை, சுரங்க வைரத்தில் பேர்போன டி பியர்ஸ் நிறுவனமே 2018-ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் காரட் 800 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. விலை சந்தையில் சரிந்துகொண்டே போய், 2025-ல் அந்த பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தார்கள். அதே சமயம் நம் சென்னை ஐஐடியில் அந்த வைரத்தை வளர்க்க ஆராய்ச்சி மையம் வந்திருக்கிறது. இன்னொரு பக்கம், 2025-ல் 10 கிராம் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. தங்கம் குறைவாகச் சேர்ந்த 9 காரட் நகைக்கும் ஹால்மார்க் வந்தது. "கல் நகை வேண்டாம், விற்கும்போது கல்லுக்குக் காசு தரமாட்டான்" என்று சொல்லியே நம் அம்மாக்கள் வளர்த்தார்கள். தங்கத்தின் விலை இப்படிப் போனால் அந்தப் பேச்சு நிற்குமா, மாறுமா? அடுத்த பத்து வருட டிசைன் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. யார் வாங்குவார்கள், எதைக் கைவிடுவார்கள் என்று முன்பே சொல்ல ஒருவர் உங்கள் தெருவில் இருந்திருந்தால், சில பட்டறைகளாவது வேறு கல்லுக்கு மாறியிருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன். உங்கள் மகள் கல்லை மட்டும் நம்பிப் போகவில்லை, கல் எப்போது கைவிடும் என்று பார்க்கிற இடத்துக்குப் போகப் பார்க்கிறாள்.

படிப்பு விஷயம். நிஃப்டில் நாலு வருட பி.டெஸ். என்ற டிசைன் பட்டப்படிப்பில் அக்சஸரி டிசைன் பிரிவு நகைக்குப் பக்கமானது. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் எழுதலாம். வழக்கமாக ஆண்டு இறுதியில் விண்ணப்பம் தொடங்கும், பிப்ரவரி வாக்கில் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் கையால் மாதிரி செய்துகாட்டும் தேர்வு. எந்த மையத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதை அந்த வருடத்துத் தகவல் ஏட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நகைக்கென்றே படிக்க வேண்டுமென்றால் ஐஐஜிஜே என்ற ரத்தின நகைக் கல்வி நிறுவனம் மும்பையிலும் ஜெய்ப்பூரிலும் இருக்கிறது, ரத்தின நகை ஏற்றுமதி கவுன்சிலின் ஆதரவில் நடப்பது. என் விருப்பம் ஜெய்ப்பூர். ஜோஹரி பஜாரில் ஒரு சுற்று நடந்தாலே ஒரு பாடம் கிடைக்கும், மரகதம் வெட்டுகிற கைகள் அங்கேதான் இருக்கின்றன. அமெரிக்காவின் ஜிஐஏ நிறுவனம் நடத்தும் ரத்தினவியல் படிப்பை இப்போதே யோசிக்க வேண்டாம். செலவு அதிகம். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, அவள் சம்பாத்தியத்திலேயே எடுக்கலாம்.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "ஆறு மாதத்தில் டிரெண்ட் ஃபோர்காஸ்டர், நூறு சதவீத வேலை" என்று விளம்பரம் செய்த ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில், நான் ஊருக்குப் போயிருந்த வாரத்தில், என்னிடம் ஆலோசனை கேட்டிருந்த ஒரு பெற்றோர் மகளுக்காகப் பணம் கட்டிவிட்டார்கள். நகைக்கடன் வாங்கிக் கட்டிய பணம். அங்கே ஆறு மாதமும் இணையத்தில் படம் எடுத்து ஒட்டும் வேலைதான். ஒரு கல்லைக்கூட அந்தப் பெண் கையால் தொடவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. எந்த இடமானாலும் போய், "கல் ஆய்வுக்கூடத்தைக் காட்டுங்கள், பட்டறையைக் காட்டுங்கள், போன வருடம் படித்தவர் ஒருவரிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆரம்பச் சம்பளம் சிறிதாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். நாலைந்து வருடம் பொறுமை வேண்டும். அவளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஆறு மாதம், வாரம் ஒரு பக்கம். சொந்தக்காரர் கல்யாணத்தில் யார் என்ன கல் போட்டிருந்தார்கள், எந்தப் புடவைக்கு, கழற்றி வைத்தது எது என்று எழுதட்டும், வரையட்டும். சின்னக்கடை வீதியில் கண்ணாடிப் பெட்டியில் இந்த மாதம் முன் வரிசைக்கு வந்தது என்ன, பின்னால் போனது என்ன என்று பார்க்கட்டும். மூன்றாம் மாதம் அவளே ஒரு கணிப்பு எழுத வேண்டும், ஆறாம் மாதம் அது சரியா என்று சரிபார்க்க வேண்டும். தப்பினால் பரவாயில்லை, ஏன் தப்பியது என்று ஒரு பக்கம் எழுதினாளானால் போதும். இரண்டாம் மாதமே நோட்டு நின்றுபோனால், அதுவும் நமக்கு ஒரு பதில்தான், லட்சங்கள் மிச்சம்.

முதல் பக்கத்துக்கு நீங்கள் உதவ வேண்டும் ஐயா. பழைய சரக்கில் உங்கள் கையால் வெட்டிய கல் ஒன்றாவது வீட்டில் இருக்கும். மெஷினில் வெட்டிய கல் ஒன்றைக் கடையில் வாங்குங்கள். இரண்டையும் வெள்ளைத் தாளில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸைக் கொடுத்து, பட்டைகள் சேரும் ஓரத்தில் என்ன வித்தியாசம் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அவள் சொன்னதையும், நீங்கள் திருத்தியதையும் எழுதி வைக்கட்டும். அந்தப் பக்கத்தோடு அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள், விண்ணப்ப வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.