ஹான்டர் ஜெங்கராக மாற டிரேட் வேண்டாம், லிங்க்கிங் கார்டு போதும்

போக்கிமான் லெஜண்ட்ஸ்: ஆர்சியஸ் ஆட்டத்தில் ஹான்டர் ஏன் ஜெங்கர் ஆகவில்லை, லெவல் 30 தாண்டியும் லக்சியோ ஏன் மாறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஹான்டர் என்ற போக்கிமானை எந்த லெவலுக்கு ஏற்றினாலும் அது தானாக ஜெங்கர் ஆகாது. 'லிங்க்கிங் கார்டு' (Linking Cord) என்ற பொருளைப் பையிலிருந்து எடுத்து அதன்மேல் பயன்படுத்துங்கள். டிரேட் செய்ய, அதாவது போக்கிமானை இன்னொரு ஆட்டக்காரரோடு மாற்றிக்கொள்ள, ஆள் இல்லை என்று நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

ஆட்டத்தில் வரும் ஜூபிலைஃப் கிராமத்தில், பொருள் கொடுக்கும் சிமோனாவிடம் இது 1,000 மெரிட் பாயிண்டுக்குக் கிடைக்கும். மற்ற ஆட்டக்காரர்கள் தொலைத்த பைகளை எடுத்துக் கொடுத்தால் பாயிண்ட் சேரும். வரைபடத்தில் அவ்வப்போது தோன்றி மறையும் காலவெளிப் பிளவுகளிலும் (space-time distortions) சில சமயம் கிடக்கும், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

லெவல் 30 தாண்டியும் லக்சியோ என்ற போக்கிமான் மாறவில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். பழைய ஆட்டங்களில் சண்டை முடிந்ததும் உருமாற்றம் தானாகத் தொடங்கும். 2022இல் வந்த இந்த ஆட்டத்தில் எப்போது மாற வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பையைத் திறந்து லக்சியோவின் படம் ஒளிர்கிறதா என்று பாருங்கள். ஒளிர்ந்தால் அங்கேயே மாற்றிவிடலாம். இத்தனை வருடத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். லிங்க்கிங் கார்டைக் கொண்டுவந்து, தனியாக ஆடுகிறவர்களையும் ஒருவழியாக நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும்: இதே வழியை போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் தேடாதீர்கள். அங்கே லிங்க்கிங் கார்டு கிடையாது, ஹான்டருக்குப் பழையபடி டிரேட்தான். அப்புறம், கடாப்ரா, மச்சோக், கிராவலர் ஆகிய மூன்று போக்கிமான்களும் உருமாற ஆர்சியஸில் இதே பொருள் போதும். பாயிண்டை வேறு எதிலும் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.