செய்தவர் பெயர்

கேள்வி: கிரேக்கப் புராணப் பாத்திரங்களை வைத்து ஜார்ஜ் பிராக், பிக்காசோ போன்ற ஓவியர்கள் 'வடிவமைத்த' நகைகளைச் சிற்பம் என்று கொண்டாடுகிறார்கள். பொன்னைத் தொட்டு வேலை செய்தவரோ வேறொருவர். தேவதையின் பெயரையும் கலைஞரின் பெயரையும் ஒட்டி விலையை ஏற்றும் வியாபாரம்தானே இது?

பதில்: விலை பெயரால் ஏறுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 'ஒட்டி' என்ற சொல்லை பிராக் விஷயத்தில் ஏற்க முடியாது. ஓவியராகவே பெரிதும் அறியப்பட்டாலும் சிற்பமும் செய்தவரான அவர், 1961 முதல் 1963 வரை, அதாவது ஏறத்தாழ எண்பது வயதில், நகைகளுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட வண்ண வரைவுகளைத் தீட்டினார். அவற்றைப் பொன்னிலும் கல்லிலும் ஆக்கியவர் ஹேகர் த லோவன்ஃபெல்ட் என்ற நகைக் கலைஞர். அந்த நகைகளுக்கு இட்ட ஹெகாட்டி, கிர்க்கி என்ற கிரேக்கத் தேவதைப் பெயர்கள் அப்போது தேடிப் பிடித்தவை அல்ல. தேவர்களின் பிறப்பைச் சொல்லும், பழங்கிரேக்கக் கவி ஹெசியட்டின் 'தியோகனி' காவியத்துக்கு பிராக் செதுக்கோவியங்கள் செய்யத் தொடங்கியது 1932இல். பழைய கிரேக்க ஜாடிகளில் கீறிய கோடுபோல, கையெடுக்காமல் ஓடும் அந்தப் பக்கவாட்டு முகம்தான் முப்பது ஆண்டுகள் கழித்துப் பொன்னுக்கு வந்தது.

பிக்காசோ விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் கூடுதல். 1950களில் அவருடைய வரைவுகளை வெள்ளித் தட்டுகளாகவும் பின்னர் பொன் பதக்கங்களாகவும் ஆக்கியவர் பிரான்சுவா ஹ்யூகோ என்ற பொற்கொல்லர். தகட்டைப் பின்புறமிருந்து தட்டித் தட்டி முகத்தை முன்னே எழுப்பும் வேலை அது. காகிதத்தில் உள்ள கோட்டுக்குக் கனம் கிடையாது. ஆட்டுக்கொம்புள்ள வனதேவனின் மூக்குத்தண்டு எவ்வளவு எழ வேண்டும், கன்னம் எங்கே அமிழ வேண்டும் என்பதைச் சுத்தியல் பிடித்த கைதான் ஒவ்வொரு அடியிலும் தீர்த்தாக வேண்டும். அந்தக் கையையும் சிற்பியின் கை என்றே நான் சொல்வேன். பதக்கத்தைத் திருப்பினால் பிக்காசோவின் பெயரோடு ஹ்யூகோவின் முத்திரையும் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்கள் நாம்தான்.

பிராக் படம் வரைந்த அதே 'தியோகனி'யில் ஒரு நகை வருகிறது. தேவர்களின் தலைவன் சீயஸின் திட்டப்படி உருவான முதல் பெண்ணுக்குப் பொன்முடி சூட்டப்படுகிறது. நிலத்திலும் கடலிலும் வாழும் விலங்குகள் அதில் குரல் உள்ளவைபோல் நிற்கின்றன. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட அங்கே சொல்லாத ஹெசியட், முடியைத் தன் கையால் செய்தவன் கொல்லர் தேவனான ஹெஃபைஸ்டஸ் என்று சொல்லிவிடுகிறார்.