பரணில் கிடைத்த பலிபீடப் படம்: கேட்டதும் சொன்னதும்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடந்த மைப் படம் இது. அடி அகன்று, இடை ஒடுங்கி, உச்சியில் தாமரை. பெயரோ தேதியோ இல்லை. பார்த்தவர்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி, இது சுடலைமாடன் பீடமா இருக்குமோ?

சுடலைமாடன் நம்ம பக்கத்துக் காவல் தெய்வம், அதனால் நம்ம ஆளுக்கு அந்த நினைப்பு வருவது நியாயம்தான். ஆனால் மாடன் பீடம் பெரும்பாலும் செங்கல் கட்டி, சுண்ணாம்பு பூசி, மேலே போகப் போகக் குறுகி நிற்கும். அங்கே பீடமே சாமி. படத்தில் இருப்பதோ அடுக்கடுக்கான கல்வேலை, தலையில் இதழ் விரித்த பத்மம். சிவன் கோயிலிலோ பெருமாள் கோயிலிலோ கொடிமரத்துப் பக்கம் நிற்கும் பலிபீடம்தான்.

அந்த அடுக்குகளை எப்படிப் படிக்கணும்?

கீழிருந்து மேலே படியுங்க. முதலில் தரையோடு ஒட்டிய உபானம், அதன்மேல் நேராக நிமிர்ந்த ஜகதி, புடைத்து நிற்கும் குமுதம், உள்ளடங்கிய கண்டம், வெளியே நீட்டிய பட்டிகை. குமுதத்தை லென்ஸ் வைத்துப் பாருங்க. குறுக்கே இரண்டு கோடு ஓடுது, ஓரமும் வளையாமல் முனை முனையா மடங்குது. அப்போ அது பட்டைக் குமுதம். வட்டக் குமுதமாக இருந்தால் ஓரம் அரைவட்டமாகப் புடைத்திருக்கும். இன்று பல கோயில்களில் பலிபீடத்துக்குப் பித்தளைத் தகடு போர்த்திவிட்டார்கள், கல்லின் விளிம்பே கண்ணில் படாது. அதை இப்படி அளந்து போட்ட கையைக் கும்பிடத் தோணுது எனக்கு.

வலது பாதியே இல்லையே, கிழிஞ்சு போச்சா?

இல்லை தம்பி. நடுவில் செங்குத்தாக ஒரு கோடு இருக்கு பாருங்க. இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் பாதி வரைந்தாலே போதும். இது அழகுக்குப் போட்ட படமில்லை, வேலைக்குப் போட்டது.

பலிபீடம்னா ஆடு, கோழி வெட்டுற இடமா?

ஆகம விதிப்படி பூசை நடக்கிற கோயிலில் அப்படியில்லை. சாமிக்கு நைவேத்தியம் ஆனபின் சாமியைச் சூழ்ந்த பரிவார தேவதைகளுக்கு அன்னம் வைக்கிற இடம். ஊர்ச்சாமிக்கு எடுக்கும் கொடை விழாவில் கிடா வெட்டுவது வேறு வழிபாடு. ரெண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வயசைக் கண்டுபிடிக்க முடியுமா?

காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடிங்க. இங்கிலாந்துக் காகிதமாக இருந்தால் 1794-க்குப் பிறகு நீர்க்குறியில், அதாவது காகிதத்துக்குள்ளேயே தெரியும் ஆலை அடையாளத்தில், ஆண்டும் வர வாய்ப்புண்டு. அந்த ஆண்டுக்கு முன்னால் வரைந்திருக்க முடியாது, அவ்வளவுதான் அதில் தெரியும். கோயிலின் வயசு வேறு.

லேமினேட் பண்ணி வச்சுக்கலாமா?

வேண்டாம் தாயி! சூடும் பசையும் ஏறினால் திரும்ப எடுக்கவே முடியாது. செல்லோடேப்பும் ஒட்டாதீங்க. சுருளை வலிந்து நிமிர்த்தாமல், துணியில் பொதிந்து, ஈரம் படாத பெட்டியில் வையுங்க.